தனி டியூஷனில் கணக்கு ஏறியது, சமூக அறிவியல் இறங்கியது: சாரை மாற்றலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், சமச்சீர். ஜூனிலிருந்து ஒரு சார் வீட்டுக்கு வந்து அவளுக்கு மட்டும் ஐந்து பாடமும் எடுக்கிறார். வாரம் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம், மாதம் 5,000 ரூபாய். எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் கணக்கு 38, அறிவியல் 52, தமிழ் 74, ஆங்கிலம் 41, சமூக அறிவியல் 68. இப்போது ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் கணக்கு 61, அறிவியல் 55, தமிழ் 70, ஆங்கிலம் 43, சமூக அறிவியல் 51. கூட்டினால் 273 என்பது 280 ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் நாலு மாதத்துக்கு 20,000 ரூபாய், ஏழு மார்க், ஆக ஒரு மார்க் 2,857 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். சாரை மாற்றலாமா, இல்லை பாடத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஆனால் மாற்றவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன், அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது ரேங்க் கார்டில் இல்லை. நான் கும்பகோணம் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் எடுக்கிறேன், பாதி நாள் என் வீட்டுத் திண்ணையில், பாதி நாள் அவர்கள் வீட்டுக்கே போய். பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும். நான் வாங்கிய திட்டும் கொஞ்சம் இல்லை, அதனால் சார் பக்கம் நின்று பேசுகிறேனோ என்ற சந்தேகம் வந்தால் அது நியாயம்தான். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. 68-ம் 51-ம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறிக்கு, அதாவது பருவக் கடைசி எழுத்துத் தேர்வுக்கு, 60. அந்த 40 என்பது சார்ட் ஒட்டியது, ஆல்பம் செய்தது, வகுப்பில் சின்னச் சின்னதாக வைத்த தேர்வு எல்லாம் சேர்ந்தது, அதில் 35-க்குக் கீழே வாங்கிய பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படியானால் 68-ல் எழுத்துத் தேர்வில் வந்தது முப்பத்துச் சொச்சம்தான். ஒன்பதில் சமூக அறிவியல் நூறும் எழுத்துத் தேர்வு. அறுபதுக்கு முப்பத்து மூன்று என்பது நூற்றுக்கு 55. இப்போது 51. விழுந்தது 17 மார்க் இல்லை, நாலு. இந்தத் தராசில் கணக்கைப் போட்டால் இன்னும் வேடிக்கை: 38-ல் முப்பதுக்கு மேல் உள்மதிப்பீடு என்றால் அவள் எழுத்துத் தேர்வில் அறுபதுக்கு ஏழோ எட்டோதான் வாங்கியிருப்பாள். அந்தப் பிள்ளை இன்று நூற்றுக்கு 61 வாங்குகிறது. நான் அந்த சாராக இருந்தால் உங்களிடம் சம்பளம் கூட்டிக் கேட்டிருப்பேன்.

சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரே ஆள் ஒரே பிள்ளைக்கு எல்லாப் பாடமும் எடுப்பதில் இருக்கிற பெரிய லாபம், ஒரு பாடத்தில் தெரிகிற ஓட்டை உண்மையில் இன்னொரு பாடத்தில் இருக்கிறது என்பதை அவரால் மட்டும்தான் பார்க்க முடியும் என்பது. பாடவாரியாக மார்க்கைப் பிரித்து வைத்துப் பார்க்கிற நமக்கு அது தெரியவே தெரியாது.

என்னிடம் வந்த ஒரு பெண், உங்கள் மகள் வயதுதான். அறிவியலில் அடர்த்தி கணக்கு. நிறை 54 கிராம், கன அளவு 20 கன செ.மீ., அடர்த்தி என்ன? சூத்திரம் சரியாக எழுதினாள், எண்களைச் சரியாகப் போட்டாள், அலகும் எழுதினாள், விடை மட்டும் 2.14. பள்ளியில் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். நான் ரஃப் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அவள் வகுத்ததைப் பார்த்தேன். 54-ஐ 20-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 14. அந்த மீதி 14-ஐ அப்படியே தூக்கிப் புள்ளிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். 2.7 வந்திருந்தால் அலுமினியம் என்று கண்டுபிடித்திருக்கலாம், அடுத்த கேள்வியே அதுதான், அதற்கும் மார்க் போச்சு. இது ஐந்தாம் வகுப்பில் விட்ட ஓட்டை. கணக்குப் பாடத்தில் ஏன் தெரியவில்லை என்றால், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கணங்கள், இயற்கணிதம் என்று போகும்போது எண்கள் பெரும்பாலும் மீதியில்லாமல் வகுபடுகிற மாதிரிதான் கொடுத்திருப்பார்கள், ஓட்டை மூடியே கிடக்கும். அறிவியல் டீச்சருக்கு அவள் இயற்பியலில் வீக். கணக்கு டீச்சருக்கு அவள் சுமார். இரண்டு பேருமே சொல்வது சரி, இரண்டு பேருக்குமே காரணம் தெரியாது.

நான் அறிவியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு பதினைந்து நாள் தசம வகுத்தல் மட்டும் போட வைத்தேன். அவள் அம்மா வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன மிஸ், சயின்ஸ் நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாளே என்றார். முகம் நன்றாக இல்லை. அந்த மாதம் அறிவியலில் மார்க் ஏறவும் இல்லை. அடுத்த தேர்வில் இயற்பியல் கணக்குகள் வந்தன, கூடவே நான் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது: புவியியலில் வரைபட அளவுகோல் கணக்கு. 1 செ.மீ. என்பது 5 கி.மீ. என்றால் 3.4 செ.மீ. எவ்வளவு தூரம்? 17 என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வந்தாள். தசமப் புள்ளியைக் கண்டாலே ஒதுங்குகிற பயம் போயிருந்தது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் நடக்கும். '5-ஐ ஒரு எண்ணின் மூன்று மடங்கிலிருந்து கழித்தால் 16 கிடைக்கும், அந்த எண் எது?' இதைக் கொடுத்தால் பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் 5 − 3x = 16 என்று எழுதுவார்கள். கண் வாக்கியத்தை வரிசையாகப் படிக்கிறது, கை அதே வரிசையில் எழுதுகிறது. அந்தப் பிள்ளைக்குச் சமன்பாடு தீர்க்கத் தெரியும், கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பான். அவன் கோட்டை விட்டது வேற்றுமை உருபில். 'ஐ' எதன் மேல் இருக்கிறது, 'இலிருந்து' எதன் மேல் இருக்கிறது என்று பார்த்தால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்று வாக்கியமே சொல்லிவிடும். அன்றைக்குத் தமிழ் இலக்கணத்தை எடுத்து இரண்டாம் வேற்றுமை, ஐந்தாம் வேற்றுமை என்று பத்து நிமிடம் பேசினால் கணக்கில் வார்த்தைக் கணக்கு ஏறும். விடை 7, சரிபார்க்க ஒரு நிமிடம்.

தமிழ் என்றதும் இன்னொருவன் ஞாபகம் வருகிறது. பத்தாம் வகுப்பு, கணக்கில் புலி, தமிழில் நாற்பதைத் தாண்ட மாட்டான், அலகிடுதல் என்றால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். செய்யுள் என்றாலே தனக்கு வராது என்று முடிவு கட்டியிருந்தான். ஒரு நாள் குறள் என்று சொல்லாமல் விதியை மட்டும் சொன்னேன்: குறில் தனியாக வந்தாலும், நெடில் தனியாக வந்தாலும், அதோடு ஒற்று சேர்ந்து வந்தாலும் நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ, ஒற்றோடு வந்தோ இருந்தால் நிரை. ஒற்றை எண்ணாதே. நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இப்போது 'கசடறக்' என்பதைப் பிரி. கச, டறக். நிரை நிரை. கருவிளம். 'கற்பவை' பிரி. கற், பவை. கூவிளம். பையன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். மிஸ், இது காரணிப்படுத்துகிற மாதிரிதானே இருக்கிறது என்றான். ஆமாம் அதேதான், உடைத்து, வகை பார்த்து, பெயர் வைக்கிற வேலை. பத்து குறளை ஒரே மூச்சில் அலகிட்டான். ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடு இருப்பதை மட்டும் இரண்டு தடவை மறந்தான். தமிழில் ஒரு மூலையில் தனக்குக் கை வருகிறது என்று தெரிந்த பிறகு மற்ற மூலைகளுக்கும் மெதுவாக வந்தான். இது வகுப்பில் நடக்காது என்று சொல்லவில்லை, ஆனால் அவன் கணக்கில் எப்படி யோசிக்கிறான் என்று தமிழ் ஐயாவுக்குத் தெரிய வழியில்லை.

சில சமயம் ஒரு பாடத்தில் நன்றாகக் கற்றதே இன்னொன்றில் காலை வாரும். ஆயத்தொலை வடிவியலில் x முதலில், y பிறகு என்று நன்றாகப் பழகிய பிள்ளை, புவியியலில் சென்னை ஏறக்குறைய 13° வடக்கு, 80° கிழக்கு என்று படித்துவிட்டு 13-ஐப் பக்கவாட்டிலும் 80-ஐ மேலேயும் எடுத்துக் குறிக்கும். அட்சம் முதலில் சொல்கிறோம், ஆனால் அது மேல் கீழ் கணக்கு. தப்பாகக் குறித்த பிள்ளை வரைபடத்தில் வீக் இல்லை, கணக்கை ஒழுங்காகக் கற்றிருக்கிறது. அதைச் சொல்லித் திருத்துவதற்கும், பூஜ்யம் போட்டு அனுப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்போது உங்கள் மகளின் சமூக அறிவியலுக்கு வருகிறேன். 51-க்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஒன்று, சார் அந்தப் பாடத்தை எடுக்கவே இல்லை. எல்லாப் பாடமும் எடுக்கிறேன் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்கு படித்தவர்கள் அல்லது அறிவியல் படித்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான், நான் பி.எஸ்ஸி. கணிதம். நமக்குப் பிடித்த பாடத்தில் நேரம் போவதே தெரியாது, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி பத்து நிமிடம் கணக்கு ஓடிவிடும், மீதி இருபது நிமிடத்தில் சமூக அறிவியல் புக் பேக் கேள்வி பதிலைக் கைடில் குறித்துக் கொடுத்து நாளைக்கு ஒப்பி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம். இதை நான் பல வருடம் செய்திருக்கிறேன். பெற்றோர் யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் கணக்கு மார்க் ஏறியது.

இரண்டாவது காரணம், சார் அந்தப் பாடத்தை உண்மையிலேயே எடுத்திருக்கிறார். மனப்பாடம் செய்யாமல் புரிந்து சொந்த நடையில் எழுது என்று சொல்லியிருக்கிறார். நிலநடுக்கம் பற்றி ஐந்து மார்க் கேள்வி என்றால், முன்பு கைடில் இருந்த எட்டு வரியை அப்படியே இறக்கி வைத்து நாலு மார்க் வாங்கிய பிள்ளை, இப்போது தட்டுகள் நகர்ந்து உரசும்போது நிலம் ஆடும் என்று தன் வார்த்தையில் மூன்று வரி எழுதி ஒன்றரை மார்க்கோடு வந்து நிற்கும். திருத்துகிறவர் உட்தலைப்பைத் தேடுவார், அடிக்கோட்டைத் தேடுவார், கலைச்சொல்லைத் தேடுவார், பாவம் அவருக்கு ஒரு கட்டு பேப்பர். இந்தப் பிள்ளையின் மார்க் குறைந்திருக்கிறது, ஆனால் படிப்பு கூடியிருக்கிறது. புரிந்ததை மார்க்காக மாற்றுகிற எழுத்துப் பழக்கம் இன்னும் வரவில்லை, அதற்கு இன்னும் மூன்று நாலு மாதம் ஆகும்.

இரண்டும் 51. ரேங்க் கார்டைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. விடைத்தாளைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதலாவது என்றால் விடைத்தாளில் கேள்விகளே விட்டுப் போயிருக்கும், எழுதியதில் பாதி வரியோடு நின்ற பதில்கள் இருக்கும், மனப்பாடம் அறுந்த இடம் அப்படியே தெரியும். இரண்டாவது என்றால் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும், குட்டி குட்டியாக, தலைப்பில்லாமல், அவள் பேசுகிற மாதிரியே.

அதனால் முதல் வேலை, ஐந்து விடைத்தாளையும் வாங்கி மேசையில் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்காருங்கள். திட்டுவதற்கு இல்லை. போன மார்க் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்து: தெரியாது என்றால் 'தெ', தெரியும் ஆனால் எழுத வரவில்லை என்றால் 'எ', நேரம் போதவில்லை என்றால் 'நே', கவனக்குறைவு என்றால் 'க'. அவளே போடட்டும். கணக்கில் 39 மார்க் போயிருக்கிறதே, அதில் எத்தனை 'தெ', எத்தனை 'க' என்று எண்ணிப் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'க' போடுவார்கள், கவனக்குறைவு என்று சொல்வது மானத்துக்குக் குறைவில்லை பாருங்கள். அப்போது அதே கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் போடச் சொல்லுங்கள். போட்டால் 'க', போடாவிட்டால் 'தெ'. அந்தத் தாள்களோடுதான் சாரிடம் பேச வேண்டும், 280-ஐ வைத்துக்கொண்டு பேசினால் அவரும் உங்களை மாதிரியே ஊகம்தான் சொல்வார்.

தனிப்பாடம் என்றால் உடனே மார்க் கொட்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1984-ல் சிகாகோவில் இருந்த பெஞ்சமின் ப்ளூம் என்ற கல்வியாளர் எழுதிய கட்டுரை ஒன்று மிகவும் பிரபலம், டியூஷன் விளம்பரங்களில் எல்லாம் அவர் பெயரைச் சொல்லாமல் அதைத்தான் சொல்வார்கள். தனியாகப் பாடம் கேட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்பது அதன் சாரம். கேட்கத் தேனாக இருக்கும். ஆனால் அந்தச் சோதனைகள் மூன்று வாரம், பதினோரு வகுப்பு. பாடம் நிகழ்தகவு அல்லது நிலப்படவியல், பிள்ளைகளுக்கு இரண்டும் புதிது. யாருக்கும் பழைய பாக்கி கிடையாது. அதோடு, ஒரு கட்டத்தை நன்றாக முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போகவிட்டார்கள். உங்கள் மகள் பழைய பாக்கியோடு ஐந்து பாடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பள்ளியோ அவள் முடித்தாளா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-ல் வான்லென் என்பவர் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தனிப்பாடத்தின் பலன் ப்ளூம் சொன்னதில் பாதிகூட வரவில்லை. அதுவும் பெரிய பலன்தான், குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம், வீட்டில் டியூஷன் நடக்கும்போது ஹாலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு. பாடம் வழுக்கிக்கொண்டு போனால் முன்னேற்றம் என்று நினைக்காதீர்கள். 2007-ல் ரோரர், டெய்லர் என்ற இருவர் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நாலு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கூட்டம் ஒவ்வொரு வகையாக முடித்து அடுத்ததற்குப் போனது, இன்னொரு கூட்டத்துக்கு நாலையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் 20 சதவீதம், இரண்டாவது கூட்டம் 63. ஏன் என்று யோசித்தால் புரியும். உருளையாகவே பத்துக் கணக்கு போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கிற வேலையே இல்லை. தேர்வில் முதல் வேலையே அதுதான். நான் இப்போது அளவியலில் உருளைக்குப் பின்னால் கூம்பு, அதற்குப் பின்னால் இயற்கணிதத்தில் ஒன்று, மறுபடி உருளை என்று கலைத்துத்தான் போடுவேன். பிள்ளை திணறும், தப்பு வரும், ஹாலில் இருக்கிற அம்மாவுக்கு என்ன இந்த மிஸ் பாடமே நடத்தத் தெரியாமல் குழப்புகிறாரே என்று தோன்றும்.

தனிப்பாடத்துக்கென்று ஒரு நோயும் இருக்கிறது. பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடப் பழகிவிடும். கூட்டலா கழித்தலா என்று இழுக்கும்போது என் புருவம் கொஞ்சம் அசையும், உடனே மாற்றிக்கொள்வாள். அது அவள் போட்ட கணக்கு இல்லை, என் புருவம் போட்ட கணக்கு. தேர்வு அறையில் என் புருவம் இருக்காது. டியூஷனில் எல்லாம் நன்றாகப் போடுகிறாள் ஸ்கூலில்தான் தப்பு விடுகிறாள் என்று எந்தப் பெற்றோர் சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இதற்கு நான் வைத்திருக்கிற வைத்தியம் மிகச் சாதாரணம், கடைசிப் பதினைந்து நிமிடம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். மூன்று கேள்வி, கதவு சாத்தி, யாரும் பக்கத்தில் இல்லை. திரும்பி வந்து பார்க்கும்போது தாளில் இருப்பதுதான் அன்றைய பாடம். உங்கள் சார் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள், செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்கிற விஷயமில்லை.

நன்னூலில் பவணந்தியார் மாணவனுக்கு ஒரு கணக்குச் சொல்வார், எனக்கு மிகவும் பிடித்தது. ஆசான் சொன்னதை முழுக்கக் கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் வரும், கூடப் படிக்கிறவரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. தனி டியூஷனில் அந்த இரண்டாவது கால் பங்கு சுத்தமாகக் கிடையாது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கேட்கிற அசட்டுக் கேள்வி, அவள் விடுகிற தப்பு, அதைப் பார்த்து நமக்கு வருகிற தெளிவு, எதுவும் இல்லை. மூன்றாவது பங்கையாவது வீட்டில் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்ட பிறகு அந்த வாரம் படித்த சமூக அறிவியலை உங்களுக்கோ பாட்டிக்கோ அவள் பத்து நிமிடம் சொல்லட்டும். ஒரு மார்க் எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்ட உங்கள் வீட்டுக்காரரும் உட்காரட்டும். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும், நடுவில் கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொந்த நடையில் எழுதுகிற பிள்ளைக்கு வாக்கியம் நீள்வது இப்படித்தான்.

நேரம் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து பாடத்தை ஐந்து நாளைக்குப் பங்கு போடுவது பார்க்க ஒழுங்காக இருக்கும், பலன் குறைவு, திங்கட்கிழமை தொட்ட ஆங்கிலத்தை அடுத்த திங்கட்கிழமைதான் மறுபடி தொடுவாள், அதற்குள் எல்லாம் ஆவியாகியிருக்கும். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு பெரிய பாடம் நாற்பது நிமிடம், ஒரு சின்னப் பாடம் இருபது, ஆங்கிலம் தினமும் பத்து நிமிடமாவது, மீதியில் தனியாக எழுதுவது. மார்க் குறைவான பாடத்தைக் கடைசியில் வைக்காதீர்கள், ராத்திரி எட்டு மணிக்கு யாருக்கும் மூளை வேலை செய்யாது. அப்புறம் பள்ளி வீட்டுப்பாடம். அதை டியூஷன் நேரத்தில் முடித்துக் கொடுப்பது சாருக்கும் பிள்ளைக்கும் வசதி, உங்களுக்கும் நிம்மதி, மூன்று பேரும் சந்தோஷமாக இருக்கும்போது படிப்பு மட்டும் நகராது.

ஆங்கிலம் 41-லிருந்து 43. இதில் சாரைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். கணக்கில் ஒரு பாடத்தை அடைத்தால் எட்டு மார்க், பத்து மார்க் என்று கொத்தாக வரும். மொழி அப்படி வராது. தமிழ் மீடியப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நாலு மாதத்தில் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஜூனில் படித்த பாடத்தில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு இதுவரை படிக்காத பாடத்தில் ஒரு பத்தி. இரண்டாவதில் எத்தனை இடத்தில் நிற்கிறாள் என்று எண்ணி எழுதி வையுங்கள். டிசம்பரில் மறுபடி, இன்னொரு புதுப் பத்தியில் எண்ணுங்கள். பன்னிரண்டு இடம் என்பது ஐந்து இடம் ஆனால் மார்க் 45-லேயே நின்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். தமிழ் நாலு மார்க் குறைந்ததற்கும் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாடத்துக்கு ஒரு ஆள் வைப்பது பதினொன்றாம் வகுப்பிலிருந்து கட்டாயம் என்பேன், அங்கே ஒரே ஆள் இயற்பியலும் கணக்குப்பதிவியலும் எடுக்கிறேன் என்றால் ஓடிவிடுங்கள். ஒன்பது, பத்தில் வேண்டாம். நாலு பேர் வந்தால் நாலு பேரும் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள், 2.14 எழுதுகிற பிள்ளையை நாலு பேரும் அவரவர் பாடத்தில் வீக் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். விடைத்தாளைப் பார்த்த பிறகு முதல் காரணம்தான், சார் சமூக அறிவியலைத் தொடவே இல்லை என்று தெரிந்தால், அதையும் நேராகக் கேளுங்கள். சார், உங்களுக்குச் சிரமம் என்றால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வேறு யாரையாவது வைக்கட்டுமா என்று கேட்டால் மனிதர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார், எனக்கு அப்படிக் கேட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் விடைத்தாளையே பார்க்காமல், காலாண்டுக் கேள்வித்தாள் கஷ்டம், ஸ்கூலில் சரியாகத் திருத்தவில்லை என்று ஆரம்பித்தால் மட்டும் வேறு ஆள் பார்க்கத் தொடங்குங்கள்.

பேசும்போது மகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஐந்து தாளையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அரையாண்டுக்குள் இதில் எந்த மூன்று தப்பு திரும்ப வராது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் சார் என்று மட்டும் கேளுங்கள். மார்க் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள், கேட்டால் எல்லாரும் 400 என்றுதான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்கிற மூன்றையும் மகளே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.